ஸ்பிரிங்கு மாமாவும் காத்தாடி அக்காவும் சேர்ந்த ஞாயிறு

வருகிற ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு டிவியைத் தான் ஒருத்தன் மட்டுமே உட்கார்ந்து பார்ப்பது என்று சூசைராஜ் சபதம் எடுத்துக்கொண்டது கோயிலில். புதன்கிழமை நவநாள் செபம் நடந்துகொண்டிருந்தது. சாமியார் சுயநலத்தை ஒழிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சூசைராஜ் கண்ணை மூடி, கையைக் கூப்பி, உதட்டைக் கடித்துக்கொண்டு முழங்காலில் நின்றான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி அற்புதமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாள் முதல் செபத்தில் கொட்டாவி விட்ட மனுஷன், இன்றைக்கு இப்படி உருகுகிறானே என்று முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உருகியது உண்மை. எதற்கு என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

வடக்குப்பட்டுப் பக்கத்தில் அவர்கள் இருந்த தெருவில் டிவி என்று ஒன்று சூசைராஜ் வீட்டில்தான் இருந்தது. கருப்பு வெள்ளை. இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரக்கதவு போட்ட பெட்டி. அதில் ஞாயிறு காலையில் குழந்தைகளுக்கென்று ஒரு பொம்மைப் படம் வரும். இந்திப் படம். தெருவில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. ஆகையால் எல்லோருக்கும் கதை நன்றாகப் புரிந்தது.

ஒரு வாரம் வருகிறவனுக்குக் கால் இரண்டும் சுருள் கம்பி. ஓர் அமுக்கு அமுக்கினால் ஏழுமாடிக் கட்டடத்தைத் தாண்டுவான். பிள்ளைகள் அவனுக்கு ஸ்பிரிங்கு மாமா என்று பெயர் வைத்தார்கள். மறு வாரம் வருகிறவள் ஒரு பெண்பிள்ளை. நின்ற இடத்தில் சுற்றினாள் என்றால் சூறாவளி. அவள் காத்தாடி அக்கா. இவனுக்கு ஒரு எதிரி, அவளுக்கு ஒரு எதிரி. ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை. போன ஞாயிறு படம் முடிகிறபோதுதான் அது நடந்தது. ஒற்றைக்கண் டாக்டர் ஒருத்தன் பெரிய இயந்திரத்தை வைத்துச் சூரியனைக் கட்டி இழுக்கிறான். ஊரே இருண்டு போகிறது. அந்த இருட்டில் ஒரு பக்கமிருந்து ஸ்பிரிங்கு மாமா வருகிறான், மறுபக்கமிருந்து காத்தாடி அக்கா வருகிறாள். இரண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிறார்கள். அவ்வளவுதான், மீதி அடுத்த வாரம்!

தெருப் பிள்ளைகள் கூவிய கூச்சலில் மொட்டை மாடியில் இருந்த காக்கை பறந்துபோயிற்று. பின்னால் நாற்காலியில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்த சூசைராஜுக்கு மயிர் சிலிர்த்தது. பேப்பர் தலைகீழாக இருப்பதை அப்போதுதான் கவனித்தான்.

அவன் கஷ்டம் என்னவென்றால், அவன் ஒரு சூப்பர்வைசர். ஸ்ரீபெரும்புதூரில் லாரிக்கு ஸ்பிரிங் செய்கிற கம்பெனியில் ஒரு லைன் முழுக்க அவன் பொறுப்பு. அங்கே அவன் சிரித்ததை ஒருத்தரும் பார்த்ததில்லை. கன்னியப்பன் என்ற தொழிலாளி ஒருநாள் டீ வேளையில் இந்தப் பொம்மைப் படக் கதையை நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். சூசைராஜ் போய் நின்றான்.

"கன்னியப்பா, உனுக்கு இன்னா வயசு? பொம்மைப் படம் பாக்கற வயசா இது? வெக்கமா இல்ல? லைன்ல வேலை நிக்குது, இங்க டாக்டருக்கு வலது கண்ணு போச்சுன்னு கதை வுட்டுகினு கீற! போனது இடது கண்ணு!"

நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எங்க வூட்டுப் புள்ளைங்க பேசிக்கும்" என்று சொல்லிவிட்டு சூசைராஜ் விறுவிறுவென்று நடந்துவிட்டான்.

மஞ்சள் காமாலை வந்து வீட்டில் படுத்திருந்த மாதத்தில் தொற்றிய வியாதி இந்தப் பொம்மைப் படம். காமாலை போய்விட்டது, இது போகவில்லை. அவன் மனசில் என்ன இருந்தது என்றால், வாலிபத்திலிருந்து ஸ்பிரிங் செய்கிறவன் அவன். ஸ்பிரிங் என்றால் லாரிக்கு அடியில் கிடந்து நசுங்குவதற்குப் பிறந்தது என்றுதான் நினைத்திருந்தான். குதிக்கவும் அதனால் முடியும் என்று முதன்முதலில் அவனுக்குக் காட்டியவன் ஸ்பிரிங்கு மாமாதான். கம்பெனியிலும் வீட்டிலும் நசுங்கிக் கிடக்கிற ஒரு மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய சேதி! ஆனால் இதை யாரிடம் சொல்ல முடியும்?

வீட்டில் பார்க்கவும் முடியவில்லை. ஞாயிறு வந்தால் பாதித் தெரு கூடத்தில் உட்கார்ந்திருக்கும். முன்வரிசையில் பிள்ளைகளின் தலை. அதற்குப் பின்னால் தெருக்கோடி சவரியம்மாள். அவள் ஆன்டெனாவை 'அந்தோணி' என்றுதான் சொல்லுவாள். படம் ஆடினால், "அந்தோணியைக் கொஞ்சம் திருப்புங்கப்பா" என்று கையெடுத்துக் கும்பிடுவாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியார்தான் படத்தையும் பிடித்துத் தருகிறார் என்று அவளுக்கு நம்பிக்கை. அவளுக்குப் பக்கத்தில் எதிர்வீட்டுக் கிளியம்மாள். கதை முழுவதையும் உரக்கச் சொல்லிக்கொண்டே பார்ப்பாள். ஸ்பிரிங்கு மாமா குதிப்பதற்கு முன்னால் அவள் குதித்துவிடுவாள்.

இந்தக் கிளியம்மாளுக்கும் அற்புதமேரிக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. கிளியம்மாளின் கோழி இந்தப் பக்கத்து வைக்கோலில் முட்டையிட்டது. முட்டை கோழிக்குச் சொந்தமா, வைக்கோலுக்குச் சொந்தமா என்பதில் ஆரம்பித்த சண்டை. முட்டை குழம்பாகிப் பல மாதம் ஆகியும் சண்டை வேகவில்லை. ஆனால் கிளியம்மாள் டிவிக்கு வருவாள், மேரிக்கு வரமாட்டாள். உள்ளே நுழையும்போது டிவியைப் பார்த்து "வந்துட்டேன்" என்பாள். மேரியும் டிவியைப் பார்த்து, "வர்றவங்க செருப்பை வெளியில வுட்டா நல்லா இருக்கும்" என்பாள்.

இத்தனை கூட்டத்துக்கு நடுவில், பேப்பரில் ஓட்டை போட்டுக்கொண்டு ஒரு சூப்பர்வைசர் எப்படித்தான் பார்ப்பது? மற்ற வாரமாவது போகட்டும். இரண்டு வீரர்களும் ஒன்று சேருகிற வாரம்! உட்கார்ந்து, காலை நீட்டி, கை தட்டி, வாய்விட்டுச் சிரித்துப் பார்க்க வேண்டாமா?

ஆகையால்தான் அந்தச் சபதம்.

திட்டம் சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பமாயிற்று. மேரி அடுப்படியில் இருந்தாள். பெரியவளும் சின்னவனும் தெருவில். சூசைராஜ் டிவிக்குப் பின்னால் கையை விட்டு, ஆன்டெனாவிலிருந்து வருகிற பட்டை வயரைக் கழற்றி ஒரு துணியைப் போட்டு மறைத்தான். பிறகு டிவியைப் போட்டான். சர்ர்ர் என்று இரைச்சல். திரை முழுக்க உப்பு கொட்டினாற்போல் புள்ளி.

"மேரி! இங்க வந்து பாரு. டிவி பூட்ச்சு."

மேரி கரண்டியோடு வந்தாள். "இன்னா ஆச்சு?"

"உள்ள ட்யூபு பூட்ச்சு. ஆள் வந்துதான் பாக்கணும். ஒரு வாரம் ஆவும்."

"ஐயோ! நாளைக்குப் புள்ளைங்க படம் கீதே! வாரம் பூரா அதே பேச்சா கீதுங்களே!"

சூசைராஜ் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான். தன் நடிப்பைத் தானே மெச்சிக்கொண்டான்.

"அதான் நானும் யோசிச்சேன். ஒண்ணு பண்ணு. காலையில பூசை முடிஞ்சதும் புள்ளைங்களை இட்டுகினு இருங்காட்டுக்கோட்டைக்கு உங்க அக்கா வூட்டுக்குப் போயிடு. அங்க டிவி கீது இல்ல? படத்தைப் பாத்துட்டு, சாப்ட்டுட்டு, சாயந்திரமா வா. உங்க அக்காவைப் பாத்தும் நாளாச்சு."

மேரி கரண்டியைக் கீழே இறக்கினாள். "நீங்க வரலயா?"

"நான் எங்க? கம்பெனி கணக்கு கொஞ்சம் கீது. வூட்ல குந்திகினு முடிச்சிடறேன்."

"மத்தியானம் சோறு?"

"பழையது கீதே, போதும்."

"எங்க அக்காவுக்கு எதனா வாங்கிக் குடுக்கணுமா?"

"நல்ல பழமா வாங்கிட்டுப் போ. சகலையையும் நான் கேட்டேன்னு சொல்லு."

மேரி அவனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். "செரிங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். சூசைராஜ் கையைத் தேய்த்துக்கொண்டான். இவ்வளவு சுலபமாகவா? புத்திசாலியான புருஷனுக்கு இப்படி ஒரு வெகுளியான பெண்டாட்டி வாய்ப்பது கர்த்தர் செய்கிற கருணை என்று அவன் நினைத்தான். அவள் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

எதிர்வீடு ஒன்றுதான் யோசனையாக இருந்தது. டிவி ஓடுகிற சத்தம் கிளியம்மாளுக்குக் கேட்டால்? கேட்கட்டுமே! கேட்டால் யாரிடம் சொல்லுவாள்? மேரியோடுதான் அவள் பேசுவதில்லையே! அந்தக் கோழி நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று சூசைராஜ் மனதார வாழ்த்தினான்.

ஞாயிறு. பூசை முடிந்தது. 'டிவி ரிப்பேர்' என்ற சேதி தெரு முழுக்கப் பரவிப் பிள்ளைகள் முகமெல்லாம் தொங்கிக் கிடந்தன. மேரி பிள்ளைகளோடு பழப்பையைத் தூக்கிக்கொண்டு ஒரகடம் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். சூசைராஜ் தெருமுனை வரைக்கும் போய்க் கையாட்டினான். அப்படி அவன் கையாட்டியது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்தான். கதவைச் சாத்தினான். ஜன்னலைச் சாத்தினான். வயரை மாட்டினான். டிவிக்கு நேர் எதிரே பாயைப் போட்டான். முதல்நாளே ஒளித்து வைத்திருந்த மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தான். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு டிவியைப் போட்டான். படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. செய்தி வாசிக்கிறவர் போனார். விளம்பரம் போயிற்று. தம்பட்டம் அடிக்கிற பாட்டு ஆரம்பமாயிற்று. இருண்டு போன ஊர். முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிற இரண்டு பேர்.

சூசைராஜ் காலை நீட்டினான். ஒரு கை மிக்சரை அள்ளினான். ஸ்பிரிங்கு மாமா முழங்காலை மடக்கி ஒரு அமுக்கு அமுக்கினான்...

டொக் டொக் டொக்.

சூசைராஜ் அசையவில்லை.

"அண்ணே! சூசை அண்ணே! கதவைத் தொறங்க!" கிளியம்மாளின் குரல். "உள்ள இன்னாமோ சத்தம் கேக்குது, திருடன் கிருடன் பூந்துட்டானா?"

"ஒண்ணும் இல்லம்மா, நான்தான்!"

"நீங்களா? நீங்க கம்பெனி கணக்கு போடறதா சொன்னாங்களே. கணக்கு பாட்டு பாடுதா?"

யார் சொன்னார்கள் என்று அவன் யோசிப்பதற்குள் இன்னொரு குரல் கேட்டது. அது மேரியின் குரல்.

"இன்னாங்க, தொறங்க. பஸ்ஸு வரல. திரும்பி வந்துட்டோம்."

சூசைராஜ் எழுந்து கதவைத் திறந்தான். வாசலில் மேரி. அவள் தோளோடு தோள் கிளியம்மாள். பின்னால் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும். அவர்களுக்குப் பின்னால் சவரியம்மாள். கடைசியில் கிளியம்மாளின் புருஷன் நாகப்பன், பல் குச்சியோடு.

மேரி எட்டிப் பார்த்தாள். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அட! டிவி ஓடுதே!"

சூசைராஜ் வாயில் மிக்சர். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"நான்... அது வந்து... ரிப்பேர் பண்ணேன்."

"நீங்களா?"

"பின்ன? ட்யூபு கொஞ்சம்... லூசா கீதுன்னு... டைட் பண்ணேன்."

"கிளியக்கா, கேட்டியா?" என்றாள் மேரி. பல மாதத்துக்குப் பிறகு அவள் வாயில் அந்தப் பெயர் வந்ததைச் சூசைராஜ் அந்தக் கலவரத்தில் கவனிக்கவில்லை. "பூசை முடிஞ்சதும் பசியோட வந்து, புள்ளைங்களுக்காக ரிப்பேர் பண்ணிட்டாரு! நாம வந்து பாக்கணும்னு!"

"அண்ணன் மனசு யாருக்கு வரும்!" என்றாள் கிளியம்மாள். "ஏய் புள்ளைங்களா, உள்ள பூந்து உக்காருங்க. அண்ணன் பாயெல்லாம் போட்டு வெச்சிகீறாரு. தின்றதுக்கு மிக்சர் வேற!"

பொட்டலம் முன்வரிசையில் காணாமல் போயிற்று. பாய் நிறைந்தது. மேரி போய் டிவிக்குப் பக்கத்திலேயே, பெட்டியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிளியம்மாள் ஏனோ உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். சரி, பின்னால் நின்றாவது பார்ப்போம் என்று சூசைராஜ் சுவரோரம் ஒதுங்கினான்.

படம் ஆடியது. பிறகு சாய்ந்தது. பிறகு உப்புப் புள்ளியாகக் கொட்டியது.

"ஐயோஓஓ!" என்றார்கள் பிள்ளைகள்.

"அந்தோணி! அந்தோணியைத் திருப்புங்கப்பா!" என்றாள் சவரியம்மாள்.

எல்லாத் தலைகளும் சூசைராஜ் பக்கம் திரும்பின.

"நீங்கதானே ரிப்பேர் பண்ணீங்க, உங்களுக்குத்தான் அதோட நெளிவு சுளிவு தெரியும்" என்றாள் மேரி. "சீக்கிரம் மேல ஏறுங்க. படம் பூடும்!"

நாகப்பன் ஏணியைச் சாத்தினான். சூசைராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினான். சட்டென்று திருப்பிவிட்டுச் சட்டென்று இறங்கிவிடலாம் என்று அவன் நினைப்பு. மூங்கில் கழியில் கட்டியிருந்த ஆன்டெனாவைப் பிடித்துத் திருப்பினான்.

"தெரியுதா?"

கீழே வாசற்படியிலிருந்து கிளியம்மாள் அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுத்தாள். "தெரியல! கொஞ்சம் செம்பரம்பாக்கம் பக்கமா!"

திருப்பினான். "இப்ப?"

"ரொம்பப் பூட்டீங்க! கொஞ்சம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாங்க!"

"இப்ப?"

"ஆங்! தெரியுது! அப்டியே! கண்ணாட்டம் தெரியுது!"

சூசைராஜ் கழியை விட்டான். ஏணிப் பக்கம் இரண்டு எட்டு வைத்தான்.

"ஐயோஓஓஓ!" கீழே ஓலம்.

"அண்ணே! கையை எடுக்காதீங்க! பூட்ச்சு!"

திரும்பிப் போய்க் கழியைப் பிடித்தான்.

"ஆங்! வந்துட்ச்சு!"

மெல்ல ஒரு விரலை மட்டும் எடுத்துப் பார்த்தான். கீழே ஒன்றும் இல்லை. இன்னொரு விரலை எடுத்தான். அதுவும் பரவாயில்லை. முழுக் கையையும் எடுத்தான்.

"ஐயோஓஓஓ!"

"அண்ணே! உங்க உடம்புல இன்னாமோ சக்தி கீது! நீங்க தொட்டாதான் படம் வருது! சொம்மா நில்லுங்க!"

நின்றான். வெயில் ஏறியது. மொட்டை மாடித் தளம் தோசைக்கல்லாக ஆயிற்று. செருப்பு கீழே இருந்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி நின்றான். தெருவில் சைக்கிளில் போன ஒருத்தன் நிறுத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, சலாம் வைத்துவிட்டுப் போனான். லைனில் வேலை செய்கிற கன்னியப்பன்தான் அது. அவன் அந்தப் பக்கம் போவது என்றைக்கும் வழக்கமில்லை. அன்றைக்கென்று போனான்.

கீழே படம் ஓடியது. சூசைராஜுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. டொய்ங் என்று ஒரு சத்தம் வந்தால் ஸ்பிரிங்கு மாமா குதிக்கிறான். உஷ்ஷ்ஷ் என்றால் காத்தாடி அக்கா சுற்றுகிறாள். டொய்ங்கும் உஷ்ஷும் சேர்ந்து கேட்டபோது அவனால் தாங்க முடியவில்லை.

"கிளியம்மா! இப்ப இன்னா ஆவுது?"

"படம் ஓடுது அண்ணே!"

"அது தெரியுது! படத்துல இன்னா ஆவுது? ரெண்டு பேரும் சேந்து அடிக்கறாங்களா?"

"பொம்மைப் படத்துல இன்னா அண்ணே ஆவும்? உங்களாட்டம் பெரியவங்களுக்கு அதெல்லாம் புரியாது!"

"அந்த டாக்டரு? சூரியனை வுட்டுட்டானா?"

"இங்கல்லாம் வெளிச்சமாத்தான் கீது! மேல எப்டி?"

மேலே சூரியன் நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவும் சூசைராஜ் தலைமேலேயே இருந்தது.

பிள்ளைகள் கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். அவனுடைய சின்னவன் குரல், "அடி! அடி! அப்டித்தான்!" என்று எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. சூசைராஜ் கழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எக்கி, மாடி விளிம்பில் தலையை நீட்டி ஜன்னல் வழியாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தான். தெரிந்தது. அவனே சாத்தி வைத்த ஜன்னல் கதவு தெரிந்தது.

அப்போது ஒரு அதிசயம் காதில் விழுந்தது. கீழே இரண்டு பெண்கள் சேர்ந்து சிரிக்கிற சத்தம். ஒன்று மேரி, ஒன்று கிளியம்மாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. சூசைராஜ் கழியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். பங்குச் சாமியார் பேசிப் பார்த்தும் தீராத சண்டை, தான் வெயிலில் நின்று ஒரு கம்பியைப் பிடித்ததால் தீர்ந்துவிட்டதே! படம் போனால் போகிறது. இரண்டு குடும்பம் ஒன்று சேர்ந்தது. ஒருத்தன் நசுங்கினால்தானே லாரியில் போகிறவர்களுக்கு அலுங்காமல் இருக்கிறது? தான் ஒரு தியாகி என்று அவனுக்குப் பட்டது. கால் சுட்டது, ஆனாலும் நிமிர்ந்து நின்றான்.

தம்பட்டப் பாட்டு மறுபடியும் அடித்தது. படம் முடிந்துவிட்டது. அவன் இறங்கி வந்தபோது தெருவே வாசலில் நின்றது. பிள்ளைகள் சிலர் அவன் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். சவரியம்மாள் அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். நாகப்பன், "அண்ணே, அந்தக் கையில இன்னா வெச்சிகீறீங்களோ தெரியல" என்று தோளைத் தட்டினான். கிளியம்மாள் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மேரி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சூசைராஜ் உள்ளங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தான்.

"மேரி."

"ம்."

"கிளியம்மாவோட ராசி ஆயிட்ட போல கீது."

"ஆமாங்க. நேத்தே ஆயிட்டோம்."

எண்ணெய்க் கிண்ணத்தில் போன கை நின்றது. "நேத்தா? நேத்து எப்ப?"

"நீங்க எங்க அக்கா வூட்டுக்குப் போயிட்டு வான்னு சொன்னீங்களே, அப்பறம். எங்க அக்கா வூடுன்னு வாயெடுத்தாலே உங்களுக்கு இடுப்பு புடிச்சிக்கும், வயிறு வலிக்கும். பழம் வாங்கிட்டுப் போ, சகலையைக் கேட்டேன்னு சொல்லுன்னு வேற சொன்னீங்க. மனுஷனுக்கு இன்னாமோ ஆயிட்ச்சுன்னு பயந்துட்டேன். நீங்க கடைக்குப் போனப்பறம் டிவி பின்னால பாத்தேன். துணிக்குக் கீழ வயரு கெடந்துச்சு. அப்பறம்தான் உசுரு வந்துச்சு."

சூசைராஜ் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"ஒண்டி ஆளா எனக்கு ஒண்ணும் தோணல. அதான் நேரா கிளியக்கா வூட்டுக்குப் போயி, அக்கா, முட்டை உன்னுதே, எனக்கு ஒரு யோசனை சொல்லுன்னேன்."

சூசைராஜ் மெல்ல, ரொம்ப மெல்லக் கேட்டான். "அப்ப நான் கையை எடுத்தா படம் போனது?"

"நீங்க கையை எடுத்தா கிளியக்கா வாசப்படியில நின்னு பாத்துட்டு எனக்குக் கண்ணைக் காட்டும். நான் டிவி திருகைக் கொஞ்சம் திருப்புவேன். நீங்க புடிச்சா மறுபடியும் கண்ணைக் காட்டும். நான் நேரா வெச்சிடுவேன். விரல் விரலா எடுத்தீங்களே, அப்பதான் கிளியக்காவுக்குச் சிரிப்பு அடக்க முடியல."

கூடத்தில் பெரியவள் சின்னவனை எதற்கோ கிள்ள, அவன் கத்தினான். இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சூசைராஜுக்கு ரோஷம் வந்தது. எழுந்து நின்றான். காலில் எண்ணெய் இருந்ததால் கொஞ்சம் வழுக்கியது. "தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன். ஆன்டெனாவை யாரும் புடிக்கத் தேவையில்ல, எல்லாம் நீங்க ரெண்டு பேரும் பண்ண வேலைன்னு."

"சொல்லுங்க. எதுக்குப் பண்ணோம்னு கேப்பாங்க. வயரைப் பத்தியும் சொல்லணும். மிக்சரைப் பத்தியும் சொல்லணும். கம்பெனி வரைக்கும் போவும்."

சூசைராஜ் உட்கார்ந்தான்.

கடைசியில் மானம், மரியாதை, சூப்பர்வைசர் பதவி எல்லாவற்றையும் முழுங்கிவிட்டு, அவள் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"அது போவட்டும். ரெண்டு பேரும் சேந்து அந்த டாக்டரை இன்னா பண்ணாங்க? அதையாவது சொல்லேன்."

மேரி முறத்தை நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அவர்களுடைய சின்னவன் முகம்போலவே இருந்தது. அவளுக்கே கொஞ்சம் இளகிவிட்டது.

"ஒண்ணும் முடியலைங்க. டாக்டரு தப்பிச்சிட்டான். சூரியன் இன்னும் அவங்கிட்டதான் கீது. மீதி அடுத்த வாரம்."

"அடுத்த வாரமா!" சூசைராஜ் முகம் மலர்ந்தது. அப்படியென்றால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. "அப்ப அடுத்த வாரம் நானும் உங்களோட கீழ..."

"எங்க கீழ?" என்றாள் மேரி, புடைத்த அரிசியை முறத்திலிருந்து சரித்துக்கொண்டே. "மேல வெயில் ஜாஸ்தியா கீதுன்னு நாகப்பன் அண்ணன் உங்களுக்கு ஒரு கொடை குடுத்தனுப்பிச்சிகீறாரு."